கைக்கு எட்டாத நட்டு

வாஷ்பேசின் குழாய் ஒழுகுகிறது, புதுக் குழாயும் வாங்கியாயிற்று. அரைமணி நேர வேலைதானே என்று பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்தால், அங்கேதான் சிக்கல். குழாயை அடியிலிருந்து இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டு, பேசினின் வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. ஸ்க்ரூ ஸ்பேனர் கிட்டே போனாலும் திருப்ப இடமில்லை.

ஆறு முக நட்டை ஒரு பிடிக்கு 60 டிகிரி திருப்பினால்தான் ஸ்பேனரை எடுத்து அடுத்த முகத்தில் மாட்ட முடியும். வாய் 15 டிகிரி சாய்ந்த ஸ்பேனரைப் புரட்டிப் புரட்டிப் போட்டால் 30 டிகிரி போதும். பல வீடுகளில் அதற்கும் வழியில்லை. அதனால் வாய் மேலே நட்டைப் பிடிக்க, கைப்பிடி கீழே திறந்த இடத்தில் சுழலும் கருவிதான் இங்கே வேண்டும். அப்படி இரண்டு உண்டு.

ஒன்று, பேசின் ரெஞ்ச். சுமார் ஒரு அடி நீளத் தண்டு. அடியில் குறுக்குக் கைப்பிடி, உச்சியில் மடங்கும் கொக்கி வாய். வாய் தானே நட்டைக் கவ்விக்கொள்ளும் என்பதால் அளவு பார்த்து வாங்க வேண்டியதில்லை. வாயை மறுபக்கம் புரட்டினால் அதே கருவியால் இறுக்கலாம்.

இன்னொன்று, பாக்ஸ் ஸ்பேனர். உள்ளே வெற்றிடமாக இருக்கும் குழல் இது. குழாயின் நீண்ட மரைத்தண்டு அதற்குள் போய்விடுவதால், ஆறு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும்; நட்டின் முனை மழுங்காது. கனெக்‌ஷன் ஹோஸைக் கழற்றிய பிறகே இதை மாட்ட முடியும். அரை அங்குலக் குழாயின் நட்டுக்குப் பெரும்பாலும் 27 மி.மீ. வாய் பொருந்தும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறலாம்.

எதை வாங்குவது? கடைக்குக் கிளம்புமுன் கைப்பேசியில் டார்ச்சைப் போட்டு, பேசினுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு வீடியோ எடுங்கள். நட்டு பித்தளையா, பிளாஸ்டிக்கா, எத்தனை முகம், எவ்வளவு இடுக்கு என்பது தெரியும். காது வைத்த பிளாஸ்டிக் நட்டு என்றால் பெரும்பாலும் கையாலேயே கழன்றுவிடும். சுற்றிலும் இடமில்லாத ஆறு முகப் பித்தளை நட்டுக்குப் பாக்ஸ் ஸ்பேனர். அளவு தெரியவில்லை, முனையும் மழுங்கியிருக்கிறது என்றால் பேசின் ரெஞ்ச்.

வேலை தொடங்குமுன், ஹோஸுக்குத் தண்ணீர் விடும் வால்வை, அதாவது ஆங்கிள் காக்கை, மூடுங்கள். அது மூடவில்லை என்றால் மேல்தொட்டியின் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் நட்டு கழலும். படுத்த நிலையில் பலரும் இதில் குழம்பி, கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுகிறார்கள்.

உப்புத் தண்ணீர் ஊரில் நட்டின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். அப்போதும் அசையாவிட்டால் ஹாக்ஸா பிளேடை மட்டும் கையில் பிடித்து, நட்டை நெடுக்காக அறுத்துவிடுங்கள். சுத்தியலை மட்டும் எடுக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் உளி வைத்துத் தட்டினேன். நட்டு அசையவில்லை, குழாய்த் துளையிலிருந்து விளிம்புவரை மயிரிழையாய் ஒரு விரிசல் ஓடியது. பேசினையே மாற்ற வேண்டி வந்தது.

புதுக் குழாயை மாட்டும்போது ரப்பர் வாஷரைப் போட்டு, நட்டைக் கையால் முறுக்கி, கருவியால் கால் சுற்று இறுக்கினால் போதும். பீங்கான் அதற்குமேல் தாங்காது. ஹோஸின் முனையில் ரப்பர் வாஷர் இருப்பதால் அங்கே டெஃப்லான் டேப் வேண்டாம்.

தண்ணீரைத் திறந்தபின் கீழே செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது.