பொம்மைக்கு மறுப்பு, பக்கத்துக்கு மல்லுக்கட்டு

அமெரிக்கக் கார்களின் பின்கண்ணாடியில் கால்வின் என்ற பொடியன் நின்றபடி சிறுநீர் கழிக்கும் ஸ்டிக்கரைப் பார்க்கலாம். அத்தனையும் திருட்டுச் சரக்கு. அவனைப் படைத்த கார்ட்டூனிஸ்ட் பில் வாட்டர்சன் எந்த ஸ்டிக்கருக்கும் அனுமதி தந்ததில்லை.

1985 நவம்பரில் தொடங்கிய 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' படக்கதைத் தொடர், உச்சத்தில் 2,400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் வந்தது. ஹாப்ஸ் பொம்மை விற்றால் காசு கொட்டும் என்று, தொடரை நாளிதழ்களுக்கு விநியோகித்த சிண்டிகேட்டுக்குத் தெரியும். ஒப்பந்தப்படி அப்படி விற்கும் உரிமையும் அதனிடமே இருந்தது. வருடக்கணக்கில் போராடி வாட்டர்சன் அதைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். பத்தாமாண்டுத் தொகுப்பில் பொம்மையை மறுத்த காரணத்தையும் எழுதியிருக்கிறார். கால்வினுக்கு ஹாப்ஸ் உயிருள்ள புலி. அம்மா உள்ளே வந்தால் வெறும் பஞ்சுப் பொம்மை. எது நிஜமென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. கடையில் பொம்மை தொங்கினால், அந்தக் கேள்விக்குப் பொம்மைக் கம்பெனி பதில் சொல்லிவிடுமே!

படம் வரைகிறவர்கள் இதைவிட அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். முன்பு நாளிதழ்கள் இடத்துக்கேற்பக் கட்டங்களை மாற்றி அடுக்கும், மேல் வரிசையை வெட்டியும் போடும். ஆகவே கட்டங்கள் ஒரே அச்சில் இருக்க வேண்டும். மேல் வரிசையில் போனால் போகட்டும் என்கிற ஒரு சில்லறை ஜோக்குக்குத்தான் இடம். 1991-ல் ஒன்பது மாத விடுப்பில் போனவர், அடுத்த பிப்ரவரியில் நிபந்தனையோடு திரும்பினார்: அரைப்பக்கம் வேண்டும், யாரும் கத்திரி வைக்கக் கூடாது.

நாளிதழ் ஆசிரியர்கள் கொதித்தார்கள். தொடரைக் கைவிட்டவர்கள் மிகச் சிலரே.

பிறகு வந்த ஞாயிறுகளில் சின்ன சேபிள் தூரிகைக்கு விடுதலைதான். ஒரு வாரம் டைனோசர் பக்கத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும்; மறுவாரம் வசனமில்லாத குட்டிக் கட்டங்கள் வரிசையாக ஓடும்.

அதிகம் பேட்டி தராததால் ரசிகர்களைப் பிடிக்காதவர் என்று பெயர் வாங்கினார். ஆனால் ஒஹையோவின் சாக்ரின் ஃபால்ஸ் ஊர்ப் புத்தகக் கடை அலமாரியில் கையெழுத்திட்ட பிரதிகளை ஓசைப்படாமல் செருகிவைத்தவரும் அவரே. அவை இணையத்தில் கொள்ளை விலைக்குப் போவது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

1995 டிசம்பர் 31-ல் தொடரையும் முடித்தார், புகழ் குறையுமுன்பே. 2014 ஜூனில் ஸ்டீஃபன் பாஸ்டிஸின் 'பேர்ல்ஸ் பிஃபோர் ஸ்வைன்' தொடருக்குள் மூன்று நாள் வரைந்தபோதும், மூன்றும் வெளியாகும்வரை மூச்சுவிடக் கூடாது என்று பாஸ்டிஸிடம் சொல்லிவிட்டார். அந்த மூலப்படங்கள் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்காக ஏலம் போயின.