குறட்டையும் தாம்பத்தியமும்



இந்த விஷயத்தைக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கணக்கு நோட்டை மூடிவிட்டுக் கிளம்பும்போதுதான் ஒரு அக்கா கையைப் பிடித்து, "அவருக்கு இப்பல்லாம் முடியறதில்ல, ஆனா குறை எம்மேலதான்" என்பார். விசாரித்தால், குழுவில் வாங்கிய கடனில் ஒரு பகுதி லாட்ஜில் தங்கி லேகியம் விற்பவரிடம் போயிருக்கும்.

அந்த அக்காவிடம் நான் கேட்பது, "அண்ணன் ராத்திரி எப்படித் தூங்குறார்?"

ஆணின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு தூக்கத்தில்தான் கூடுகிறது, காலையில் உச்சத்தில் இருக்கும். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்துவிட்டது. இளவட்டங்களுக்கே இப்படி என்றால், இரவு ஷிப்டு தறி ஓட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர் நிலைமையை யோசியுங்கள்.

இதைவிடப் பெரியது தூக்கத்தில் மூச்சடைப்பு. பலமாகக் குறட்டை விடுவார், திடீரென்று சத்தமே இருக்காது. 10 விநாடி, சில சமயம் அதற்கும் மேல் மூச்சு நிற்கும். பிறகு திணறிக்கொண்டு மூச்சை இழுப்பார். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைப்பதால் வருவது இது. ராத்திரி முழுக்க இப்படியே நடந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து குறைந்து ரத்தக் குழாய்கள் கெடுகின்றன. விறைப்பு என்பதே ரத்த ஓட்டம்தானே! அதனால்தான் இந்த நோய் உள்ளவர்களிடம் விறைப்புக் குறைவு அதிகம் காணப்படுகிறது. பிரஷர் ஏறும், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும். வண்டி ஓட்டுகிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

இதை அவரால் கவனிக்க முடியாது, பக்கத்தில் படுக்கிற நமக்குத்தான் தெரியும். செல்போனில் குறட்டையைப் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ நெஞ்சக நோய்ப் பிரிவிலோ கேட்கலாம். சர்க்கரை, பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள், விறைப்புக் குறைவுக்கு அவையும் முக்கிய காரணம். 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வரும்போதே இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

உடல் எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவும். குடித்தால் நல்லா தூக்கம் வருதுன்னு சொல்வார்கள். உண்மையில் சாராயம் தொண்டையை இன்னும் தளர்த்தி அடைப்பைக் கூட்டும். தூக்க மாத்திரையும் பலருக்கு அப்படியே. நோய் முற்றியவர்களுக்கு, இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி உண்டு. விலை கூடுதல்தான். ஆனால் அதைத் தொடர்ந்து பயன்படுத்திய பலருக்கு விறைப்பும் மேம்பட்டிருக்கிறது.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'வீரிய' மாத்திரை வேண்டவே வேண்டாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் பிரஷர் சட்டென்று இறங்கி உயிரே போகலாம்.