நால்வர் தந்தியிசை கேட்கப் பழகுதல்

படுக்கையில் இருப்பவருக்கும் அவர் அருகே அமர்ந்திருப்பவருக்கும் பிற்பகல் நீண்டது. கைப்பேசியில் ஏதேனும் பாடிக்கொண்டிருக்கும். ஆனால் நாம் அதைக் கேட்பதில்லை. ஓர் ஒலிப்பதிவை மனம் வைத்துக் கேட்பது எவ்வாறு என்பதை இவ்விதழில் காண்போம். நாம் எடுத்துக்கொள்வது, மேலைச் செவ்விசையில் 'ஸ்டிரிங் குவார்ட்டெட்' எனப்படும் நால்வர் தந்தியிசை. இரண்டு வயலின்கள், சற்றுப் பெரிய வியோலா, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஆகிய நான்கே கருவிகள். தாளக் கருவி இல்லை.

திருக்கோவிலூர்க் கோயில்களில் நாகசுரம் கேட்டு வளர்ந்த செவிக்கு இது முதலில் குழப்பமாகவே இருக்கும். நாகசுரத்தில் ராகம் ஒன்றே நடக்கும். ஒத்து அசையாமல் சுருதியைப் பிடித்து நிற்கும். இங்கோ நான்கு கருவிகளும் ஒரே நேரத்தில் தத்தம் வழியே நடக்கின்றன.

ஆகவே தெரிந்த இசையிலிருந்து தொடங்குவது நல்லது. வயலின் கலைஞர் வி. எஸ். நரசிம்மன் சென்னையில் அமைத்த 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்' குழு, கர்நாடகக் கீர்த்தனைகளை இந்நான்கு கருவிகளுக்கும் அமைத்து வாசித்தது. இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' (1986) தொகுப்பில் வயலின் வாசித்தவரும் இவரே. இக்குழுவின் பதிவுகளில் பெரும்பாலும் முதல் வயலின் கமகத்தோடு கீர்த்தனையைச் சொல்லும். மற்ற மூன்றும் மேலை முறையில் இசைந்த சுரங்களை அதற்கு அடியில் விரிக்கும். முதல் முறை கீர்த்தனையை மட்டும் தொடருங்கள். அடுத்த முறை செல்லோவை மட்டும் தொடருங்கள். அடியில் செல்லோ நகரும்போது மேலே அதே வரி வேறு முகம் காட்டும். அதைச் செவி கண்டுகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாடத்துக்குப் பீத்தோவனிடம் செல்வோம். 1825 ஏப்ரலில், தம் 54ஆம் வயதில், அவர் குடல்நோயால் கடுமையாக நலிந்தார். மருத்துவர் மதுவையும் காப்பியையும் மசாலாப் பொருள்களையும் விலக்கினார். (பத்தியத்தின் துயரம் அன்றும் இதுதான்.) செவியும் ஏற்கெனவே கேளாது போயிருந்தது. நோய் தணிந்தபின், அவர் எழுதிவந்த ஏ மைனர் குவார்ட்டெட்டின் மூன்றாம் பகுதிக்கு, நோயிலிருந்து மீண்டவர் இறைவனுக்குச் செலுத்தும் புனித நன்றிப்பாடல் என்ற பொருளில் தலைப்பிட்டார். அப்படைப்பின் எண் 132.

அந்நன்றிப்பாடல் 'லிடியன்' என்னும் பழைய முறையில் அமைந்தது. அதன் சுரங்கள் நம் கல்யாணியின் சுரங்களே. ஆயினும் கமகம் இல்லாமையால் கல்யாணியாக ஒலிக்காது; அதைத் தேடி ஏமாற வேண்டாம். நீண்ட சுரங்களில், நோயாளி மெல்ல மூச்சு விடுவதுபோல இசை தொடங்கும். பின்னர் திடீரென நடை துள்ளும். அவ்விடத்தில் பீத்தோவன், புது வலிமையை உணர்ந்து என்று குறித்துள்ளார்.

ஆனால் அந்த வலிமை நிலைப்பதில்லை. மெல்லிய பாடல் திரும்புகிறது, வலிமை மறுபடி வருகிறது, மீண்டும் மெல்லிசை. நேற்று நான்கடி நடந்தவர் இன்று எழ முடியாமல் கிடப்பதைக் கண்ட குடும்பத்தார்க்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது, திரும்பி வரும் பாடல் பழைய பாடலாகவே வருவதில்லை என்பதை. ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் கருவிகள் கூடுதலாக அசைகின்றன. மூன்றாம் முறை, பாடலின் முதல் வரி மட்டும் கருவிக்குக் கருவி கைமாறிச் செல்கிறது. நம் கருத்தில் இப்பகுதியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கால் மணி நேரத்துக்கு மேல் நீளும் இதனை ஒரே நாளில் கேட்டு முடிக்க வேண்டியதில்லை. அடுத்த படுக்கையில் உறங்குபவரை எண்ணி, காதொலிப்பானில் தாழ்ந்த ஒலியில் கேளுங்கள். முடிவு மிக மெல்ல அடங்கும்; கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். அடுத்த பகுதி அணிவகுப்பு நடையில் சட்டென்று தொடங்குவதால், களைத்திருப்பவருக்கு அதற்கு முன்பே நிறுத்திவிடலாம்.