ஹட்டனிலிருந்து கடல் தாண்டப் போகிறவர்களுக்கு

மலையகத்தில் கடலைப் பார்க்காமலே கண்மூடியவர்கள் ஏராளம். ஆனால் கடல்கதை இல்லாத லயம் கிடையாது. 1864இல் 120 தொழிலாளர்களோடு மூழ்கிய ஆதிலட்சுமி கப்பல், பாய்த்தோணியில் வந்திறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழி நடந்தவர்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பல் ஏறி அழுதுகொண்டே போனவர்கள். என் மனைவியின் பெரியக்கா அந்தக் கப்பலில் போனவர்தான். இப்போது நீலகிரியில், கூடலூரில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போவது என்று முடிவானதும், விமானம் வேண்டாம், அக்கா போன மாதிரி தண்ணியில்தான் போகணும் என்று மனைவி பிடிவாதமாக நின்றாள். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குத்தான் இப்போது கப்பல் இல்லையே. அதனால் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போனோம்.

போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மாதத்தை. இந்தக் கப்பல் 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, மழைக்காலம் வந்துவிட்டதால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் திரும்பவும் ஓடி, நவம்பரில் மறுபடியும் நின்று, அடுத்த பெப்ரவரியில்தான் தொடங்கியது. காங்கேசன்துறையில் ஒரு மீனவரிடம் கேட்டேன். “வாடை விட்டாப் பிறகு, சோளகம் பிடிக்கிறதுக்கு முன்னம் போங்கோ ஐயா” என்றார். மாசியும் பங்குனியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்களும் அந்தக் கணக்கில்தான் போனோம். அப்படியும் கடல் சும்மா இருக்கவில்லை.

ஹட்டனில் ரயில் ஏறி, பொல்காவலையில் மாறினால், வடக்குப் பாதை காங்கேசன்துறையில்தான் போய் முடிகிறது. ஆனால் அன்றைக்கே இறங்கி அன்றைக்கே கப்பல் ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மலைப்பாதையில் ரயில் எப்போது வரும் என்பது நமக்குத் தெரியாததா? முதல்நாளே யாழ்ப்பாணம் போய்த் தங்கிவிடுவதுதான் நல்லது.

கப்பல் என்றதும் பெரிய மாளிகையைக் கற்பனை செய்ய வேண்டாம். 150 பேர் அளவில் ஏறும் சின்னக் கப்பல். அக்கரைக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. கினிகத்தேனை வளைவுகளில் பஸ் எப்படித் திரும்பினாலும் கண்ணைக்கூடச் சிமிட்டாதவள் என் மனைவி. ஜன்னலோரம் உட்கார்ந்து சொப்பிங் பேக்கைத் தேடுகிறவன் நான். கடலில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அவள் முகம் வெளிறி, உதட்டோரம் வேர்த்து, கையிலிருந்த தேசிக்காயை நகத்தால் கீறிக் கீறி முகர்ந்துகொண்டிருந்தாள். எனக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே பஸ் அனுபவத்தை வைத்து யார் தாங்குவார், யார் தாங்கமாட்டார் என்று முடிவுகட்ட முடியாது.

உடம்பு ஆடுகிறது என்று காது சொல்கிறது. எதிரே உள்ள சீட்டைப் பார்க்கும் கண்ணோ ஆடவில்லை என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். அதனால் கண்ணுக்கும் ஆட்டத்தைக் காட்டிவிட வேண்டும். ஜன்னல் வழியே கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்க்கச் சொன்னேன், கொஞ்சம் தெளிந்தாள். போனைக் குனிந்து பார்த்தவர்கள்தான் வரிசையாக விழுந்தார்கள். கப்பலின் நடுவில், கீழ்த்தட்டில் ஆட்டம் குறைவு. முன்பக்கத்துச் சீட்டுக்கு ஆசைப்படாதீர்கள். மாத்திரை எடுப்பதானால் வைத்தியரைக் கேட்டு, ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே விழுங்கிவிட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு உள்ளே போன மாத்திரை அப்படியே வெளியே வந்துவிடும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. காய்ந்த ரொட்டி ஒன்று, இஞ்சி டொபி நாலைந்து போதும். கட்டச்சம்பல் அக்கரையில் இறங்கிய பிறகு.

இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். குடும்பத்துக் கடுதாசியெல்லாம் ஒரே பையில், அந்தப் பை ஆம்பிளை கையில் என்பது நம் தோட்டத்துப் பழக்கம். கொழுந்து எடுக்கிறவள் ஒருத்தி, சம்பளத்தைப் போய் வாங்குகிறவன் இன்னொருவன் என்று ரொம்ப காலம் இருந்தோம் அல்லவா, அதன் மிச்சம்தான் இது. கடலில் இது சரிப்படாது. யார் சுருண்டு படுப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. இருவரிடமும் தனித்தனியே பாஸ்போட், பணம், போகுமிடத்து விலாசம் இருக்க வேண்டும். இறங்கியதும் குடிவரவில் கேட்கும் கேள்விக்கு மனைவிக்கும் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். என் மனைவி அரை மயக்கத்திலும் அக்காவின் விலாசத்தைக் கடகடவென்று ஒப்பித்தாள்.

விசா எடுக்கும்போதே, நாகப்பட்டினத்தில் இறங்க அது செல்லுமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அங்கே உள்ள உறவினர் பெயரும் விலாசமும் படிவத்தில் கேட்பார்கள். தோட்டத்து கிளாக்கர்மார் எழுதிய பெயர் ஒன்று, அக்கரையில் எழுதிய பெயர் ஒன்று என்று கிடக்கும். அவர்களுடைய அடையாள அட்டையைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி, அதிலுள்ள எழுத்தையே பாருங்கள். லயத்து வாசல் மண், பூச்செடிப் பதியன், விதை என்று பாசத்தில் எதையும் கட்டாதீர்கள். அனுமதியில்லாமல் சுங்கத்தில் விடமாட்டார்கள். தேயிலைத்தூள் கொண்டு போகலாம். கூடலூரில் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்துகொண்டு, “இங்க இல்லாத தேத்தண்ணியா?” என்று அக்கா சிரித்தார். ஆனால் பக்கெட்டைத் திருப்பித் தரவில்லை.

உண்மையில் கடலை விடத் தரைதான் ஆளைக் கொன்றுவிடும். நாகப்பட்டினம், திருச்சி, கோவை, ஊட்டி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். வயசானவர்கள் திருச்சியில் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள்.

திரும்பி வரும் நாளுக்கும் விசா முடியும் நாளுக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும். காற்று மாறிக் கப்பல் நின்றால் திருச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு விமானம் இருக்கிறது. அந்தக் காசைத் தொடாமல் தனியாக வையுங்கள். எங்கள் காசு மனைவியின் முந்தானையில் முடிந்திருந்தது. கப்பல் சொன்ன நாளில் ஓடிவிட்டது. அந்த முடிச்சை இன்றைக்கு வரைக்கும் அவள் அவிழ்க்கவில்லை; கேட்டால் அடுத்த பயணத்துக்காம்.