வேறு காரின் காலிப்பர் நம் காருக்கு ஆகுமா?

செம்பூர்வாசி ஒருவர் குர்லா ஸி.எஸ்.டி. சாலைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவது அரிது. பழைய மோட்டார் உறுப்புகள் குவிந்து கிடக்கும் அச்சாலையிலிருந்து என் நண்பர் சென்ற மாதம் ஒரு ஜோடி டிஸ்க் பிரேக் காலிப்பர்களை வாங்கி வந்தார். தம் தந்தையாரின் பிரீமியர் பத்மினியில் அவற்றைப் பூட்டிவிட வேண்டுமென்பது அவர் ஆவல். அவ்வண்டியும் குர்லாவில் பிறந்ததே. டாக்ஸியாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. சொந்த வண்டியாக வைத்திருப்போர் இன்னும் உளர். அதன் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள்தாம். அந்த வண்டியில்தான் பெற்றோர் அடிக்கடி பூனா போய் வருகிறார்கள்.

இந்த ஆவல் புதிதன்று. 1953-ல் லெ மான் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது முதல் மோட்டார்ப் பிரியர்களுக்கு இதே கனவு. அமெரிக்காவில் டாட்சன் 240 இசட் என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்கு டொயோட்டா பிக்கப்பின் நான்கு பிஸ்டன் காலிப்பரைப் பூட்டுவது நெடுநாள் வழக்கம்.

பிஸ்டன் கூடினால் பிடி கூடுமா? ஒரு பக்கத்தில் 54 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் ஒன்று என்க. அதை எடுத்துவிட்டு 38 மி.மீ. பிஸ்டன் இரண்டு உள்ள காலிப்பரை வைக்கிறோம். அழுத்தம் ஒன்றாயின் விசை பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 54-ன் வர்க்கம் 2916. 38-ன் வர்க்கம் 1444, இரண்டுக்கும் 2888. ஆக, லாபம் ஒன்றுமில்லை! 43 மி.மீ. பிஸ்டன் இரண்டானால் 3698, விசை 1.27 மடங்காகும். ஆனால் அதே மடங்கு எண்ணெயும் வேண்டும். பெடல் ஆழ இறங்கும். அதைச் சரிக்கட்ட முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டரை நீக்கி முக்காலே அரைக்கால் அங்குலத்தை வைப்பார்கள். இவற்றின் பரப்புகள் 36-க்கு 49. அதே கால் மிதிக்கு அழுத்தம் அவ்வளவு குறையும். 1.27-ஐ 36-ஆல் பெருக்கி 49-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.93. பணம் செலவழித்தும் பிடி முன்னிலும் ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு.

பின் எதற்காக இந்தப் பாடு? வெப்பத்திற்காக. 1000 கிலோ வண்டி 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 386 கிலோ ஜூல் வெப்பமாக வேண்டும். லோனாவ்லாவிலிருந்து கோபோலிக்கு இறங்குகையில் உயரம் 500 மீட்டருக்கு மேல் குறைகிறது; அது சுமார் 4,900 கிலோ ஜூல். அத்தகைய பன்னிரண்டு நிறுத்தங்களுக்கும் மேலானது! கியரைக் குறைத்து இஞ்சினிடம் ஒரு பங்கை விட்டால் செலவில்லை. மிச்சத்தைத் திறந்தவெளியில் சுழலும் டிஸ்க், மூடிய டிரம்மைவிட விரைவில் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஒரே ஒரு முறை சட்டென்று நிற்பதற்கு இது பெரிதும் உதவாது. சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிடி ஏற்கனவே இருந்தால், அதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது டயர்தான்.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறுவோர்க்கு வேறு தொல்லைகளும் உண்டு. டிரம்மின் முன்நோக்கிய கட்டை, சுழற்சியாலேயே தன்னை இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே காலை வலுவாக ஊன்ற வேண்டும், அல்லது வெற்றிட பூஸ்டர் வேண்டும். டிரம்முக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு ஒன்று உண்டு. அதை மறந்து டிஸ்க்கைப் பூட்டினால் பிரேக் விடவே விடாது. உராய்ந்து உராய்ந்து காயும். காலிப்பர் சக்கர வளையத்துக்குள் அடங்குகிறதா என்பதை முதல் நாளே பார்க்க வேண்டும். முன்பிடி மட்டும் மிஞ்சினால் முன்சக்கரம் பூட்டி, ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. பின்பிடி மிஞ்சினாலோ வண்டி திரும்பிக்கொள்ளும். இது அதனினும் கொடிது. இத்தகைய மாற்றங்களுக்கு முன் பதிவு அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்வது நல்லது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். வாங்கிய காலிப்பரின் பிஸ்டன் விட்டம் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இப்போது எங்கள் பட்டறையில் வெர்னியர் இரவல் கேட்டுக்கொண்டிருக்கிறார். பத்மினி பழைய டிரம்முக்குப் புது லைனிங் போட்டுக்கொண்டு பூனா போய் வந்துவிட்டது.