அடுப்புப் புகையும் அம்மாவின் இதயமும்

என் அம்மா பல வருடங்களாக ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகு அடுப்பில் பால்கோவா கிண்டுகிறார். போன மாதம் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தோம். "இனிமேல் புகையில் நிற்கக் கூடாது" என்கிறார் டாக்டர். புகை நுரையீரலைத்தானே கெடுக்கும்? ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்யும் எனக்கும் ஆபத்தா?
– வாசகர், ராஜபாளையம்

டாக்டர் சொன்னது சரி. விறகுப் புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் ஏராளம். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். இவை நுரையீரலின் அடிவரை இறங்கி அழற்சியைக் கிளப்பும்; மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். ரத்தக்குழாயில் கொழுப்பு வேகமாகப் படியும், பிரஷர் ஏறும், ரத்தம் எளிதில் உறையும். ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்த உறைதல்தான் பெரிய பயம்.

ஆகவே அம்மாவை அடுப்படியிலிருந்து எழுப்பிவிடுங்கள். தொழிலை விட முடியாதென்றால் கேஸ் அடுப்புக்கு மாறுங்கள். ருசி மாறுமே என்று தயங்குவார். அவர் உயிரைவிட ருசி பெரிதல்ல. முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வது இந்தத் துகளைத் தடுக்காது.

டாக்டர் அனுமதித்த அளவு நடக்கட்டும், கொல்லம் நெடுஞ்சாலை ஓரமாக மட்டும் வேண்டாம். மார்கழி விடியலில் பனியோடு புகையும் தரையை ஒட்டியே நிற்கும். வெயில் ஏறியபின் கிளம்புவது நல்லது.

உங்கள் மில்லின் பஞ்சுத் தூசு பெரும்பாலும் பருமனானது. அது முதலில் தாக்குவது நுரையீரலை. வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் நாளில் நெஞ்சு இறுகினால் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மாவின் மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. மறுபடி நெஞ்சு வலித்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.