இல்லத்திற்கேற்ற துணை

மனிதன் தன்னுடன் வாழ அழைத்துக்கொண்ட விலங்குகள் பல. அவற்றுள் ஆவும் எருதும் தொழுவத்தில் நின்றன. ஆடு பட்டியிலும் கோழி கூட்டிலும் அடங்கின. வாயிற்படியைக் கடந்து வீட்டினுள் உரிமையோடு இடம்பெற்றவை நாயும் பூனையுமே ஆகும். நாய் மனிதனோடு உறவு கொண்டு 15,000 ஆண்டுகளேனும் ஆகியிருக்கும் என்பர் ஆராய்ச்சியாளர். சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில், மனிதன் ஒருவனின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தமையை 2004ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். நாயின் இளமைக்குக் குருளை என்றும், வெருகின் இளமைக்குக் குட்டி என்றும் பெயர் வகுத்துள்ளது தொல்காப்பிய மரபியல்.

இத்துணைப் பழமையான உறவாயினும், எல்லா நாயும் எல்லா வீட்டிற்கும் ஏற்றவை அல்ல. ஆராயாது கொணர்ந்த விலங்கு சில திங்களில் சுமையாகி, ஈற்றில் தெருவில் விடப்படுகின்றது. ஆதலின், தேர்ந்தெடுத்தல் என்பது முதற்கடமையாகும்.

புதுச்சேரி நகரத்துச் சாரத்தில், வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தெரு ஒன்றில், ஒரு குடும்பம் வாழ்கின்றது எனக் கொள்க. தந்தையும் தாயும் காலையில் பணிக்குச் செல்வர்; மகனும் மகளும் பள்ளிக்குச் செல்வர்; பகல் முழுதும் வீட்டில் இருப்பவர் பாட்டி ஒருவரே. முன்புறம் ஒரு சிறு திண்ணை. பின்புறம் துணி உலர்த்தும் அளவிற்கு ஒரு முற்றம். இவ்வீட்டிற்கு ஏற்ற விலங்கு யாது?

மகன் விரும்புவது இராசபாளையம் நாய். அவன் விருப்பத்தில் வியப்பில்லை. விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய அந்நாய், வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட அஞ்சல் தலையிலும் இடம்பெற்ற பெருமையுடையது. அம்மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாயும், தேனி மாவட்டத்துக் கோம்பை நாயும் அவ்வாறே புகழ் வாய்ந்தவை. ஆனால், இவை வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்டவை. அகன்ற மார்பும் நீண்ட கால்களும் ஓடுவதற்கென்றே அமைந்தவை. இத்தகைய நாயை நான்கடிச் சங்கிலியில் கட்டி, முற்றத்து மூலையில் நிறுத்தினால் அது என் செய்யும்? ஓயாது குரைக்கும், கதவைப் பிறாண்டும், நாளடைவில் சினம் மிக்கதாகும். அப்பொழுது ‘பொல்லாத நாய்’ என்று அதனைப் பழிப்பர். பிழை நாயினுடையதன்று, இடம் அறியாது அதனைக் கொணர்ந்தவருடையதே.

மகள் விரும்புவது சப்பை மூக்கும் உருண்டை விழிகளும் உடைய பக் என்னும் சிறு நாய். அதற்குப் பெரிய இடம் வேண்டுவதில்லை. எனினும், வேறொரு தடை உண்டு. மனிதனைப் போல நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாவை நீட்டி விரைந்து மூச்சு விடுவதனாலேயே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றது. மூக்குச் சப்பையான நாய்க்கு மூச்சுக்குழல் வழி குறுகியிருத்தலின், அச்செயல் எளிதன்று. கடற்காற்று ஓய்ந்து, புழுக்கம் மிகும் புதுச்சேரியின் கத்திரி வெயில் அதன் உயிருக்கே இடராகலாம். பனிநாட்டிற்கெனத் தடித்த மயிர் பெற்ற சைபீரிய நாய்க்கும் இந்நிலையே.

அங்ஙனமாயின், தெருவிலேயே பிறந்து வளரும் நாட்டு நாய் எத்தகையது? குட்டை மயிரும் மெலிந்த உடலும் உடைய அது இவ்வெப்பத்திற்குப் பழகியது. விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. அறிவிலும் நன்றியிலும் குறைந்ததன்று. ஆயினும், தாயிடமிருந்து எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைப் பிரித்தலாகாது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதே, கடியின் அளவை அது கற்றுக்கொள்கின்றது.

பூனையோ வேறு இயல்பினது. நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். உலாவ அழைத்துச் செல்ல வேண்டுவதில்லை. எலித்தொல்லையையும் ஓரளவு குறைக்கும். எனினும், பூனை ஊனுண்ணி. சோறும் பாலும் மட்டும் அதற்குப் போதா. ஊன் உணவிலுள்ள சத்துகள் இன்றேல் கண்ணும் இதயமும் கெடும். மீனும் இறைச்சியும் புகாத வீட்டினர் இதனை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெங்காயமும் பூண்டும் கலந்த குழம்புச்சோறு நாய், பூனை இரண்டிற்குமே தீங்கானது. அது குருதியணுக்களைச் சிதைக்கும்.

நாய் வளர்ப்போர் மறக்கலாகாத பெயர் ஒன்று உண்டு. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு சூலைத் திங்களில், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தி அவனைக் காத்தார். அவர் பெயர் தாங்கிய நிலையம் ஒன்று நீலகிரியின் குன்னூரில் 1907ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகின்றது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. ஆதலின், குட்டிக்கு மூன்று திங்கள் நிறைந்தவுடன் தடுப்பூசி இடுதலும், மருத்துவர் குறிக்கும் காலங்களில் அதனைத் தொடர்தலும் இன்றியமையாதவை. கடியோ கீறலோ பட்டால், புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

இனிச் சாரத்து வீட்டிற்கு வருவோம். நடுப்பகலில் விலங்கிற்கு நீரும் உணவும் வைப்பவர் யார்? பாட்டியே. துள்ளும் நாய்க்குட்டி காலிடையே புகுந்தால் தடுமாறக்கூடியவரும் அவரே. அவரைக் கேளாது முடிவு செய்தல் முறையாகுமா? நாயும் பூனையும் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. மகன் கல்லூரிக்குச் சென்ற பின்னும் அவ்விலங்கு அவ்வீட்டிலேயே இருக்கும்.

நாள்தோறும் வைகறையிலும் மாலையிலும் அதனை உலாவ அழைத்துச் செல்வதாக மகன் உறுதியளித்து, பாட்டியும் இசைந்தால், நாட்டு நாய்க்குட்டி ஒன்று அவ்வீட்டிற்கு ஏற்றதாகும். அவ்வுறுதி இயலாதெனில், பூனை நன்று. இரண்டையும் பேணுதல் அரிதெனில், எதனையும் கொணராமல், வெயில் நாளில் வாயிலருகே ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தாலே போதும். தெருவில் திரியும் உயிர்கள் நாவறட்சி தீர்ந்து செல்லும். அதுவும் அன்பின் வழியே.

எவ்விலங்கு அழகியது என்று கேட்பது கண்ணின் விருப்பம். இவ்வீடு எவ்விலங்கை இறுதிவரை காக்க வல்லது என்று கேட்பதே அருளுடைமை.